போர்ச்சில் நிற்கும் காடிக்குக் காப்புறுதி எதற்கு?



இந்த மாதப் பாடத்துக்கு வேறு தலைப்புதான் எழுதி வைத்திருந்தேன். போன தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று அதை மாற்றிவிட்டது. நம்மில் பலருடைய வீட்டில் ஓடாத காடி ஒன்று நிற்கிறது. தாத்தா ஓட்டியது, அப்பா ஓட்டியது, அண்ணன் வேலைக்குச் சிங்கப்பூர் போகும்போது விட்டுப் போனது. அதற்குக் காப்புறுதி கட்ட வேண்டுமா, வேண்டாமா? இதுதான் பாடம். பதிலைச் சொல்வதற்கு முன் நான் எங்கே தப்புப் பண்ணினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பாவிடம் 1996-ல் வாங்கிய புரோட்டோன் வீரா இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை இன்னும் சரியாகத் தூக்க வராது. அன்றிலிருந்து காடி போர்ச்சிலேயே நிற்கிறது. "நான் நல்லானதும் ஓட்டுவேன், விக்காதீங்க" என்று அப்பா சொல்லிவிட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

காப்புறுதி புதுப்பிக்கும் மாதம் வந்தபோது அம்மா எனக்குப் போன் பண்ணினார். நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் காடி விஷயம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். நான் பெரிய ஆள் மாதிரி பதில் சொன்னேன்: "ஓடாத காடிக்கு என்னம்மா ஆபத்து? பயன்பாடு பூஜ்யம் என்றால் ஆபத்தும் பூஜ்யம். அந்தக் காசை அப்பா மருந்துக்கு வைங்க." அம்மாவும் கேட்டுக்கொண்டார். காப்புறுதி காலாவதியானது. அதோடு சாலை வரியும் போனது. காப்புறுதி இல்லாமல் சாலை வரி எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை. வாழையிலை வாங்க மறந்துவிட்டார்கள். தம்பிக்குப் பதினெட்டு வயசு, 'பி' லைசன் எடுத்து மூன்று மாதம். நண்பனின் காடியிலிருந்து கம்பி போட்டு வீராவைக் கிளப்பிவிட்டான். அம்மா, "தாமான் கடைதானே, சீக்கிரம் வந்துடு" என்று சாவியைக் கொடுத்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் காடி மறுபடி சத்தம் போட்டதில் அவருக்குச் சந்தோஷம். தலையை ஆட்டினார்.

கடை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. திரும்பி வரும்போது எங்கள் சந்து முனையில் தம்பி பிரேக்கை மிதித்தான். கால் அப்படியே கீழே போய்விட்டது. கைப்பிரேக்கை இழுத்தான், காடி பக்கவாட்டில் சறுக்கி லோங்காங்கில் ஒரு சக்கரத்தை விட்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. பக்கத்து வீட்டு மக்சிக் ஓடி வந்தார். முதலில் தம்பியைத்தான் "நல்லா இருக்கியா" என்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார், "இந்த நேரத்தில் என் பேரன் இங்கேதான் சைக்கிள் விடுவான். இன்றைக்குத் தூங்கிட்டான்."

அன்றிரவு நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தம்பி, "அண்ணே, நான் கடைக்குத்தானே போனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். விடுமுறை முடியும்வரை சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தேன். படித்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

1. சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் இதற்கு அடிப்படை 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், அதாவது சட்டம் 333. அதன் 90-ஆவது பிரிவு மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. அந்தப் பிரிவில் மூன்று வினைச்சொற்கள் இருக்கின்றன. காப்புறுதி இல்லாத வாகனத்தை ஒருவர் பயன்படுத்தக் கூடாது. இன்னொருவரைப் பயன்படுத்த வைக்கக் கூடாது. பயன்படுத்த அனுமதிக்கவும் கூடாது.

இந்த மூன்றையும் எங்கள் வீட்டில் பொருத்திப் பாருங்கள். ஓட்டியது தம்பி. வாழையிலை வாங்கி வரச் சொல்லிச் சாவி கொடுத்தது அம்மா. பதிவு உரிமையாளர் அப்பா, அவர் தலையாட்டினார். வீட்டில் மூன்று பேருமே அந்த ஒரு பிரிவுக்குள் வந்துவிட்டார்கள்.

தண்டனை 1,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு சிறப்புக் காரணம் இருப்பதாக நீதிமன்றம் கருதினால் ஒழிய, குற்றம் உறுதியான நாளிலிருந்து 12 மாதங்களுக்கு லைசன் வைத்திருக்கும் தகுதி போய்விடும். மூன்று மாதம் முன் லைசன் எடுத்தவனுக்கு ஒரு வருஷம் போகும். வேலை தேடும் வயசில் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் அபராதம் இதில் சிறிய பகுதிதான். இந்தக் கட்டாயக் காப்புறுதி யாருக்காக என்று பார்க்க வேண்டும். அது நம் காடிக்காக இல்லை. நம் காடியால் உயிர் இழக்கும், காயப்படும் மற்றவருக்காக. மக்சிக்கின் பேரன் அன்று தூங்காமல் இருந்திருந்தால், அவனுடைய மருத்துவச் செலவுக்கும் வாழ்நாள் இழப்புக்கும் நீதிமன்றம் சொல்லும் தொகையை யார் கொடுப்பது? காப்புறுதி இருந்தால் நிறுவனம். இல்லையென்றால் நாங்கள். காப்புறுதியில்லாத வாகனத்தால் பாதிக்கப்பட்டவர் மோட்டார் காப்புறுதியாளர்களின் பொது அமைப்பான எம்.ஐ.பி.யை நாடலாம் என்பது உண்மை. அது பாதிக்கப்பட்டவருக்கான கதவு. காப்புறுதி எடுக்காத உரிமையாளர் தப்பிக்கிற கதவு இல்லை.

2. 'சாலை' என்றால் எது?

"நாங்க ரோட்டில் ஓட்டலையே, சந்துக்குள்ளேதானே" என்று நினைப்போம். சட்டத்தில் 'சாலை' என்பது நெடுஞ்சாலை மட்டும் இல்லை. பொதுச் சாலையும், பொதுமக்கள் வந்து போகக்கூடிய மற்றச் சாலைகளும் அதில் அடங்கும். தாமான் சந்து நிச்சயமாகச் சாலைதான். கடை வரிசைக்கு முன்னால் காடி நிறுத்தும் இடத்தையும், யார் வேண்டுமானாலும் உள்ளே வரக்கூடிய அடுக்குமாடி நிறுத்துமிடத்தையும் "இது தனியார் இடம்" என்று நாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது. கேட்டுக்குள்ளே, நம் போர்ச்சில் நிற்பதுதான் உண்மையில் சாலைக்கு வெளியே நிற்பது.

வீட்டுக்கு முன்னால் சாலையோரம் மாதக்கணக்கில் நிற்கும் காடி இதில் சேராது. இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் ஒருவருடைய காடி வீட்டுக்கு முன்னால் பழுதாகி நின்றுவிட்டது. அவர் அதை ஜாக் வைத்துத் தூக்கி, பேட்டரியைக் கழற்றி, காப்புறுதியையும் நிறுத்திவிட்டார். இயந்திரம் வேலை செய்யாது, ஓட்டவே முடியாது. ஆனாலும் 1959-ல் நீதிமன்றம் அவர் சாலையில் காடியைப் 'பயன்படுத்தினார்' என்றுதான் சொன்னது. காடி அவருடைய பயன்பாட்டுக்குச் சாலையில் இருந்தது, அதைத் தள்ளி நகர்த்த முடியும், சரிவில் உருண்டால் ஆளை இடிக்கும். அந்த வழக்கு 1930-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சாலைச் சட்டத்தின் கீழ் நடந்தது. நம் நாட்டில் 1987 சட்டத்துக்கு முன் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. இரண்டுமே அந்தப் பிரிட்டிஷ் முறையை ஒட்டி வந்தவை. ஆகவே 'இன்ஜின் ஓடினால்தான் பயன்பாடு' என்று நாம் எண்ணிக்கொள்வது ஆபத்து.

3. மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

பிரிட்டனில் 1998 முதல் ஒரு முறை இருக்கிறது. காடியைச் சாலையில் ஓட்டப் போவதில்லை என்றால் உரிமையாளர் அரசாங்கத்திடம் அறிவிக்க வேண்டும். சுருக்கமாக 'சோர்ன்' என்பார்கள். 2011 ஜூன் முதல் சட்டம் இன்னும் இறுகியது. பதிவில் உள்ள ஒவ்வொரு காடிக்கும் ஒன்று காப்புறுதி இருக்க வேண்டும், அல்லது சோர்ன் அறிவிப்பு இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் காடி போர்ச்சில் தூங்கினாலும் குற்றம். முதலில் கடிதம் வரும், பிறகு 100 பவுண்டு அபராதம், நீதிமன்றம் போனால் 1,000 பவுண்டு வரை. வாகனப் பதிவேட்டையும் காப்புறுதிப் பதிவேட்டையும் கணினியில் ஒப்பிட்டே கண்டுபிடித்துவிடுவார்கள். சோர்ன் அறிவித்த காடியைச் சாலையோரத்தில் நிறுத்தவும் கூடாது.

நம்முடைய 90-ஆவது பிரிவு அப்படிப் பதிவேட்டைப் பார்த்துப் பிடிப்பதில்லை. அது 'பயன்பாடு' என்ற சொல்லின் மேல் நிற்கிறது. அதனால் இங்கே கேட்டுக்குள் நிற்கும் காடி அமைதியாகக் காப்புறுதி இழந்துவிடும். கடிதம் வராது, யாரும் கேட்க மாட்டார்கள். எங்களுக்கும் யாரும் கேட்கவில்லை. நினைவூட்டல் வருவது ஒருநாள் சாவியைத் திருப்பும்போதுதான்.

இன்னொரு வழக்கு. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. போர்ச்சுகலில் ஒரு பெண்மணி உடல்நலக் குறைவால் காடி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். காடியை வீட்டு முற்றத்தில் நிறுத்தினார். அதிகாரப்பூர்வமாக அதை விலக்கிக்கொள்ள எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. காப்புறுதியும் இல்லை. 2006 நவம்பரில் அவருடைய மகன் அவருக்குத் தெரியாமல், அனுமதி இல்லாமல் அந்தக் காடியை எடுத்துக்கொண்டு போனார். காடி சாலையை விட்டு விலகியது. மகனும் உடன் இருந்த இருவரும் இறந்துபோனார்கள். இறந்த பயணிகளின் குடும்பங்களுக்கு அந்நாட்டு நிதியம் 4 லட்சத்து 37 ஆயிரம் யூரோவுக்கு மேல் இழப்பீடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்டு அந்தத் தாயின்மேல் வழக்குப் போட்டது.

வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. எண் சி-80/17. 2018 செப்டம்பர் 4-ஆம் தேதி தீர்ப்பு வந்தது: பதிவில் இருந்து, ஓடும் நிலையிலும் இருக்கும் காடி, உரிமையாளர் ஓட்ட விரும்பாமல் தனியார் நிலத்தில் நிறுத்தி வைத்திருந்தாலும், காப்புறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தாய் விபத்துக்குப் பொறுப்பாளி இல்லை என்றாலும்கூட, காப்புறுதி எடுக்கத் தவறியதற்காக நிதியம் அவரிடம் தொகையைக் கேட்கலாம் என்று நாட்டுச் சட்டம் வைத்திருப்பதிலும் தவறில்லை என்றது.

அது ஐரோப்பியச் சட்டம், நம்மைக் கட்டாது. ஆனால் நோயாளிப் பெற்றோர், முற்றத்தில் காடி, வீட்டில் வாலிபப் பிள்ளை. இந்த மூன்றும் எங்கள் வீட்டிலும் இருந்தன. அம்மாவுக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிள்ளையும் போய், கடனும் வந்துச்சா அந்தம்மாவுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

4. நிற்கும் காடிக்கு என்ன ஆபத்து?

'பயன்பாடு பூஜ்யம், ஆபத்து பூஜ்யம்' என்று சொன்னேன் அல்லவா? பொறியியல் கண்ணாலேயே பார்த்தாலும் அது தப்பு.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் உள்ளே உலோகம் துருப்பிடிக்கும், துரு ரப்பர் வளையங்களைக் கிழிக்கும், மிதிக்கும்போது எண்ணெய் கசியும். எங்கள் வீராவில் பின்சக்கர சிலிண்டர் கசிந்திருந்தது. போர்ச்சில் நிற்கும்போது அது யாருக்கும் தெரியாது. டயர் ஒரே இடத்தில் அமுங்கிப் போகும். பேட்டரி தானாக இறங்கும். எலி வயரைக் கடிக்கும். கடித்த வயரில் மின்கசிவு வந்தால் தீப்பிடிக்கும். போர்ச்சில் தீ என்றால் அது வீட்டுத் தீ.

அப்புறம் திருட்டு, வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் ஏறியபோது நின்ற காடி, ஓடிய காடி என்று வித்தியாசம் பார்க்கவில்லை.

5. எந்தக் காப்புறுதி?

நம் நாட்டில் தனியார் காடிக்கு மூன்று வகை இருக்கிறது.

மூன்றாம் தரப்பு: மற்றவருக்கு ஏற்படும் மரணம், காயம், அவர்களுடைய பொருளுக்கு ஏற்படும் சேதம். நம் காடிக்கு ஒன்றும் கிடையாது.

மூன்றாம் தரப்பு, தீ, திருட்டு: மேலே உள்ளதோடு நம் காடி எரிந்தாலும் திருடுபோனாலும் இழப்பீடு உண்டு. நின்றுகொண்டிருக்கும் காடிக்கு மிகவும் பொருந்துவது இதுதான்.

முழுக் காப்புறுதி: விபத்தில் நம் காடிக்கு வரும் சேதமும் சேரும். ஆனால் வெள்ளம் பொதுவாக இதில் தானாக வராது. தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். மிகப் பழைய காடிக்கு முழுக் காப்புறுதி தரச் சில நிறுவனங்கள் தயங்கும்.

2017 ஜூலை முதல் இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கு நிறுவனங்கள் தாங்களே கட்டணம் நிர்ணயிக்கலாம். ஆகவே ஒரே இடத்தில் கேட்டு நிற்காதீர்கள், நாலு இடத்தில் விலை கேளுங்கள்.

என்.சி.டி. எனும் கழிவையும் மறக்க வேண்டாம். தனியார் காடிக்கு இழப்பீடு கோராத முதல் ஆண்டுக்குப் பின் 25%, பிறகு 30, 38.33, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டுக்குப் பின் 55% ஆகும். 1,000 வெள்ளிக் கட்டணம் 450 வெள்ளி ஆகிவிடும். காப்புறுதியை நிறுத்துவதற்கு முன், இடைவெளி விட்டால் இந்தக் கழிவு என்ன ஆகும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நடுவில் ரத்து செய்தால் மீதி மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பணம் வரும் என்றும் எண்ண வேண்டாம். குறுகிய கால விகிதம் என்று ஒரு பட்டியல் பத்திரத்திலேயே இருக்கும். மூன்று மாதம் ஓடியிருந்தால் வழக்கமாகப் பாதிதான் திரும்பும். எட்டு மாதம் தாண்டினால் ஒன்றும் திரும்பாது.

6. செய்ய வேண்டியவை

முதலில் ஒரு கேள்வியை நேர்மையாகக் கேளுங்கள்: இந்தக் காடி மறுபடி ஓடுமா?

ஓடும் என்றால், குறைந்தது 'மூன்றாம் தரப்பு, தீ, திருட்டு' எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை போர்ச்சிலேயே இயக்கிப் பாருங்கள். மறுபடி சாலையில் இறக்கும் முன் பிரேக், டயர், எண்ணெய் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இழுவை லோரியில் ஏற்றிப் போவது கொஞ்சம் செலவுதான், ஆனால் சரி.

சில காலம் ஓடாது, காப்புறுதியும் கட்ட முடியாது என்றால், காடியை உண்மையாகவே ஓட முடியாதபடி செய்யுங்கள். கேட்டுக்குள் வையுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், எரிபொருளைக் குறையுங்கள், சாவியை ஆணியில் மாட்டாமல் பூட்டி வையுங்கள். வீட்டில் எல்லாருக்கும், குறிப்பாக இளையவர்களுக்கு, "இதற்குக் காப்புறுதி இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு. காப்புறுதி நின்ற விஷயம் தம்பிக்குத் தெரியவே தெரியாது. 2023 பிப்ரவரி முதல் தனியார் காடிகளில் சாலை வரி வில்லை ஒட்டவும் கட்டாயமில்லை, எல்லாம் கைப்பேசியில். கண்ணாடியைப் பார்த்துக் காலாவதி தேதி தெரிந்துகொள்ளும் பழக்கமும் போய்விட்டது.

இனி ஓடவே ஓடாது என்றால் விற்றுவிடுங்கள், அல்லது ஜே.பி.ஜே.யில் பதிவை ரத்து செய்யுங்கள். விற்றால் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்? அப்பாவிடம் நான்தான் பேசினேன். தம்பி செய்ததைப் பற்றிப் பேசவில்லை, நான் அம்மாவுக்குச் சொன்ன தப்பான யோசனையைப் பற்றிப் பேசினேன். மக்சிக்கின் பேரனைப் பற்றிச் சொன்னபோது அப்பா கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விற்கச் சம்மதிக்கவில்லை. "அடுத்த தீபாவளி வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள கை வரலேன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தரேன். அதுவரைக்கும் இன்சுரன்ஸ் கட்டு" என்றார். கட்டிவிட்டோம். பிரேக்கையும் மாற்றினோம். நான் பகுதி நேர வேலையில் சேர்த்த காசும் அதில் கொஞ்சம் போனது, அது நியாயம்தான். சாவி இப்போது அப்பாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. தினமும் காலையில் இடது கையால் அதைப் பிடித்துப் பழகுகிறார்.

கலந்துரையாட:

1. உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டிலோ ஓடாத காடியோ மோட்டாரோ இருக்கிறதா? அதன் காப்புறுதி எந்தத் தேதியில் முடிகிறது? இந்த வாரமே பார்த்துச் சொல்லுங்கள்.

2. பயன்படுத்துவது, பயன்படுத்த வைப்பது, அனுமதிப்பது: நண்பனுக்கு மோட்டாரை இரவல் கொடுக்கும்போது நீங்கள் இதில் எதில் வருகிறீர்கள்?

3. பிரிட்டன் மாதிரி 'ஓட்ட மாட்டேன்' என்று அறிவிக்கும் முறை நம் நாட்டுக்கு வேண்டுமா? உங்கள் பெற்றோரிடம் கேட்டு வாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் சந்திப்போம்.